கட்டளைவரிக் கருவிக்குப் புதுப்பெயர் வைப்பது எப்படி

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றின் கணினி ஆய்வுகூடத்திலிருந்து ஆசிரியர் ஒருவர் என்னை அழைத்தபோது, நான் ஹட்டனில் பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் கணக்கில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்ற அறிக்கை அவருக்குத் தேவைப்பட்டது. எங்கள் சிறு குழு எழுதிப் பராமரித்துவரும் திறந்த மூலக் கருவி அதற்கென்றே இருந்தது. பாடசாலையை விட்டு விலகும் பாவனையாளர்களின் கணக்குகளை ஆராய்ந்து, அவர்களுடைய கோப்புகளைப் பொதிசெய்து கொடுத்து, அதன் பின்னரே கணக்கை மூடுவது அதன் வேலை. அப்போது அதன் பெயர் ‘யூசர்டெப்’. அறிக்கை வேண்டுமென்றால் கட்டளைக்குப் பின் ஒரு சிறுகோடும் ‘ஆர்’ என்ற எழுத்தும் இட வேண்டும். நான் சொன்னேன், அவர் தட்டினார். அறிக்கை எதுவும் வரவில்லை, அஞ்சற்பெட்டியைக் காணவில்லை என்று ஒரு வரி மட்டும் வந்திருக்கிறது என்றார்.

அந்த ஒரு வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவர் தட்டியிருந்தது ‘யூசர்டெல்’. லினக்ஸ் இயங்குதளத்தில் பாவனையாளர் கணக்கை அழிப்பதற்கென்று நெடுங்காலமாக இருந்துவரும் கட்டளை அது. அதனோடு ‘ஆர்’ சேர்த்தால் கணக்குடன், பாவனையாளரின் கோப்புகள் இருக்கும் முகப்பு அடைவும் அஞ்சற்பெட்டியும் அழிந்துவிடும். இரு பெயர்களுக்கும் கடைசி எழுத்து ஒன்றே வேறுபாடு. அந்த எழுத்துகள் இரண்டும் விசைப்பலகையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பவை. மாணவியின் இரண்டு தவணை வேலை போயிற்று. மூன்று வாரங்களுக்கு முன் எடுத்த பிரதி ஒரு பென் டிரைவில் கிடந்ததால் பெரும்பகுதியை மீட்டோம். எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை.

ஆசிரியர் மீது எந்தத் தவறும் இல்லை. அந்தப் பெயரை வைத்தவர்கள் நாங்கள். நிர்வாகக் கருவியின் பெயரை, கணினியில் எதையும் செய்யக்கூடிய ரூட் அதிகாரத்தோடு, களைத்த விரல்களால், பல நேரங்களில் இன்னொருவர் தொலைபேசியில் சொல்லச் சொல்லத் தட்டுகிறார்கள். பிழை திருத்தும் வசதி எதுவும் இடையில் கிடையாது. ஆகவே அப்பெயருக்கு நான் இப்போது வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: சரியாக ஒலிக்காத தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் மறுமுனையில் சரியாக எழுதப்பட வேண்டும், பிழையாக எழுதப்பட்டால், அந்தப் பிழை வேறெந்தக் கட்டளையின் மீதும் போய் விழக் கூடாது. கீழே எழுதியிருப்பவை யாவும் இந்த அளவுகோலிலிருந்து நாங்கள் படிப்படியாகக் கற்றவை.

மாற்றத்தான் வேண்டுமா

பெயர்மாற்றம் செலவு பிடித்த வேலை. பழைய பெயர் அலுத்துவிட்டது என்பதோ, அழகாக இல்லை என்பதோ அதற்குப் போதிய காரணம் ஆகாது. அதே பெயரில் வேறொரு நிரல் இருப்பது, வணிகச் சின்ன உரிமை இன்னொருவரிடம் இருப்பது, பெயர் ஆபத்தான கட்டளையொன்றோடு மயங்குவது, பெயரின் பொருள் எவரையேனும் புண்படுத்துவது ஆகியவற்றுள் ஒன்றாவது இருக்க வேண்டும். வலையமைப்புப் பொதிகளை ஆராயும் ‘ஈதிரியல்’ 2006 இல் ‘வயர்ஷார்க்’ ஆனதற்குக் காரணம், அதை உருவாக்கியவர் வேலை மாறியபோது பழைய பெயரின் சின்ன உரிமை முந்திய நிறுவனத்திடமே தங்கிவிட்டதாகும். நிரல்களைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ‘ஹட்சன்’ 2011 இல் ‘ஜென்கின்ஸ்’ ஆனதும் பெயருரிமை பற்றி ஆரக்கிள் நிறுவனத்தோடு உடன்பாடு எட்டாததாலேயே.

அவசரத்தில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபயர்ஃபொக்ஸ் உலாவியின் கதையைப் படிக்க வேண்டும். 2002 இல் ‘பீனிக்ஸ்’ என்று தொடங்கியது, அப்பெயரைச் சின்னமாகக் கொண்ட நிறுவனம் ஒன்று இருந்ததால், 2003 ஏப்ரலில் ‘ஃபயர்பேர்ட்’ ஆயிற்று. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு திறந்த மூலத் தரவுத்தளத் திட்டம் இருந்தது. அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2004 பெப்ரவரியில் மூன்றாவது பெயர் வந்தது. ஓராண்டு முடிவதற்குள் இரண்டு மாற்றங்கள்.

மாற்றுவது என்று முடிவானதும், காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிக் களஞ்சியத்திலேயே ஒரு கோப்பாக வைத்துவிடுங்கள். எங்கள் கோப்பில் இருந்த வாக்கியம் இது: “கணக்குகளையோ கோப்புகளையோ அழிக்கக்கூடிய எந்தக் கட்டளையோடும் கண்ணாலும் காதாலும் விரலாலும் மயங்காத பெயர் வேண்டும்.” பின்னாளில் யாரேனும் ஓர் அழகான பெயரைக் கொண்டுவந்து எல்லோரும் அதில் மயங்கி நிற்கும்போது, இந்த வாக்கியத்தை எடுத்து வாசித்தால் போதும்.

பெயர் ஒட்டியிருக்கும் இடங்கள்

புதுப்பெயரை யோசிப்பதற்கு முன், பழைய பெயர் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். மூலநிரலில் ‘கிரெப்’ கொண்டு தேடுவதோடு நின்றுவிடாமல், கருவி நிறுவப்பட்டிருக்கும் கணினி ஒன்றிலேயே தேடுங்கள். இயங்குகோப்பு, பொதியின் பெயர், ‘ஈடிசி’க்குக் கீழுள்ள அமைப்புக் கோப்புகள், சிஸ்டம்டி சேவைக் கோப்பு, சூழல் மாறிகளின் முன்னொட்டு, கையேட்டின் எட்டாம் பிரிவிலுள்ள பக்கம், பதிவேட்டு அடைவு, இரவில் தானாக ஓடும் கிரான் வரி ஆகியவற்றை எவரும் நினைவில் வைத்திருப்பார்கள். மறந்துபோவது சூடோ அனுமதிக் கோப்புதான். பாடசாலை ஆசிரியர்களுக்கு ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், இந்த ஒரு கட்டளையை மட்டும் ரூட்டாக இயக்க அனுமதி கொடுத்திருப்போம். அந்த அனுமதி கட்டளையின் முழுப் பாதையோடு எழுதப்பட்டிருக்கும். இயங்குகோப்பின் பெயர் மாறியதும் அந்த வரி எதற்கும் பொருந்தாது. மறுநாள் காலை ஆசிரியருக்கு அனுமதி மறுக்கப்படும், காரணமும் விளங்காது.

இந்தப் பட்டியலை முதலில் எடுப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. ஒரே பெயர் இத்தனை இடங்களின் விதிகளுக்கும் பொருந்த வேண்டும் என்பது அதைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

எழுத்தும் விரலும்

கட்டளைப் பெயர் இரண்டு முதல் ஒன்பது எழுத்துருக்களுக்குள், சிறிய எழுத்துகளாலும் இலக்கங்களாலும் மட்டுமே அமைய வேண்டும் என்பது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்தின் வழிகாட்டல். லினக்ஸ் விநியோகமான டெபியனின் பொதிப் பெயர்களில் சிறிய எழுத்து, இலக்கம், கூட்டற்குறி, சிறுகோடு, புள்ளி ஆகியவை இடம்பெறலாம். முதலெழுத்து குறியாக இருக்கக் கூடாது. ஆனால் சிறுகோட்டைச் சூழல் மாறியின் பெயரிலோ பைதன் தொகுதியின் பெயரிலோ இட முடியாது. அங்கே அடிக்கோடாக மாற்ற வேண்டிவரும், பிறகு எங்கே எது என்று எல்லோரும் தடுமாறுவார்கள். எனவே குறிகளையும் இலக்கங்களையும் விட்டுவிட்டு வெறும் எழுத்துகளாலான பெயரையே தேடுங்கள். ஐந்து முதல் எட்டு எழுத்து வசதியான அளவு. இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்களில் நல்லவற்றைப் பெரும்பாலும் பிறர் எடுத்துவிட்டார்கள். தவிரவும் நீளம் குறையக் குறைய, ஒரு விரல் தவறினாலே இன்னொரு கட்டளையாகிவிடும் வாய்ப்புக் கூடுகிறது. கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையை எழுத்து மாற்றித் தட்டுவோருக்கென்றே ‘எஸ்எல்’ என்றொரு சிறு நிரல் எழுதப்பட்டிருக்கிறது. அதை இயக்கினால் திரையில் ஒரு நீராவி ரயில் ஓடும். ரயிலோடு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். அந்தத் தடுமாற்றம் எவ்வளவு பொதுவானது என்பதற்கும் அந்த ரயிலே சாட்சி.

இனி விரல் சோதனை. முனையத்தில் முழுப் பெயரையும் தட்டுவோர் மிகச் சிலரே. முதல் மூன்றெழுத்தைத் தட்டி, மீதியைத் தானாக நிரப்ப டாப் விசையை அழுத்துவதே வழக்கம். ஆகவே முதல் மூன்றெழுத்தில் தொடங்கும் கட்டளை வேறெதுவும் இருக்கக் கூடாது. பாஷ் முனையத்தில் ‘கொம்ப்ஜென்’ என்ற கட்டளையோடு ‘சி’ தெரிவை இட்டால் இருக்கும் கட்டளைகள் அனைத்தும் வரும். அவற்றிலிருந்து வேண்டிய மூன்றெழுத்தில் தொடங்குபவற்றைப் பிரித்தெடுக்கலாம். இதை ரூட்டாகச் செய்ய வேண்டும். சாதாரணக் கணக்கின் தேடற்பாதையில் நிர்வாகக் கட்டளைகளின் அடைவுகள் இல்லாதிருக்கலாம். நாம் பயப்பட வேண்டியவையோ அங்கேதான் இருக்கின்றன. எங்கள் பழைய பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் கணக்கைச் சேர்க்கும் கட்டளை, திருத்தும் கட்டளை, அழிக்கும் கட்டளை மூன்றோடும் ஒன்றாகவே இருந்தன என்பதை இந்தச் சோதனையைச் செய்த அன்றுதான் கண்டோம். பெயர் வைத்த நாளில் செய்திருக்க வேண்டியது அது.

அடுத்து ஒரு தாளை எடுத்து, பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் விசைப்பலகையில் அதைச் சுற்றியுள்ள எழுத்துகளால் மாற்றி எழுதுங்கள். ஓரெழுத்தை விட்டு எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றி எழுதுங்கள். ஆறெழுத்துப் பெயருக்கு இந்த வேலை அரை மணித்தியாலத்தில் முடியும். கிடைத்த சொற்களில் ஒன்றேனும் இயங்கும் கட்டளையாக இருந்தால், அந்தக் கட்டளை என்ன செய்யும் என்று பாருங்கள். அது வெறுமனே எதையாவது காட்டுவதென்றால் பொறுத்துக்கொள்ளலாம்; அழிப்பதோ வட்டில் எழுதுவதோ என்றால் அந்தப் பெயரை அங்கேயே கைவிடுங்கள்.

பெயரே வேலையை விளக்க வேண்டும் என்ற ஆசையை நான் இப்போது விட்டுவிட்டேன். விளக்கும் பெயர்கள் எல்லாம் ஒரே சொற்களைச் சுற்றியே மொய்க்கின்றன. டெபியனில் பாவனையாளரைச் சேர்ப்பதற்கு ‘யூசர்ஆட்’, ‘ஆட்யூசர்’ என்று இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு விதமாக நடந்துகொள்பவை. எது எது என்று இன்றும் ஆட்கள் மாறிப்போகிறார்கள். மாறாக ‘ஆக்’ என்பது அதை எழுதிய மூவரின் பெயர்களின் முதலெழுத்துகள்; ‘கிரெப்’ என்பது பழைய உரைத்தொகுப்பியொன்றின் கட்டளை வடிவம். இரண்டும் எதையும் விளக்குவதில்லை, ஆயினும் எவரும் மறப்பதில்லை. விளக்குவதற்குக் கையேட்டின் முதல் வரி இருக்கிறது.

நம் சொல்லை எடுத்துக்கொண்டால்

எங்களுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும், அதுவும் தோட்டத்தில் புழங்கும் சொல்லாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. கருவியைப் பாவிப்போர் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்கள். அவர்களுக்கு நன்கு தெரிந்த சொல் என்றால் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாகவே சொல்லிவிடலாம். ஆங்கிலச் சுருக்கத்தை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும்போது ‘பி’ எந்தப் பி, ‘டி’ எந்த டி என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்க நேர்கிறது.

தமிழ் எழுத்திலேயே கட்டளைக்குப் பெயர் வைக்க முடியாதா என்று எங்கள் குழுவின் இளையவர் ஒருவர் கேட்டார். முடியும், லினக்ஸ் கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து வரலாம், முனையமும் அதை இயக்கும். ஆனால் நிர்வாகக் கருவி மிகவும் தேவைப்படுவது கணினி பழுதாகிக் கறுப்புத் திரை மட்டும் எஞ்சியிருக்கும் வேளையில். அந்த அடிப்படைத் திரையில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியாது, தமிழ் விசைப்பலகையும் கிடைக்காது. அதனால் கட்டளை இலத்தீன் எழுத்திலும், கையேடும் செய்திகளும் தமிழிலும் என்று தீர்மானித்தோம்.

அங்கேதான் எதிர்பாராத சிக்கல் தொடங்கியது. தமிழ்ச் சொல்லை இலத்தீனில் எழுத ஒருவழிப்பட்ட முறை மக்களிடம் இல்லை. ‘கொழுந்து’ என்ற சொல்லை முதலில் எடுத்தோம். ழகரத்துக்குத் தமிழ்நாட்டில் ‘இசட்’, ‘எச்’ இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். இலங்கையில் பெரும்பாலும் ‘எல்’ இடுகிறார்கள். ‘ந்து’ என்பதை ‘டி’யோடு மட்டும் எழுதுவோரும் உண்டு, அதனோடு ‘எச்’ சேர்த்து எழுதுவோரும் உண்டு, தகரத்துக்குரிய வேறு கூட்டெழுத்தை இடுவோரும் உண்டு. அறையில் இருந்த ஆறு பேர் நான்கு விதமாக எழுதினார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடுவதைக் குறிக்கும் ‘கவ்வாத்து’ அதைவிட மோசம். வகரத்துக்கு நம் நாட்டில் ஆங்கில எழுத்து இரண்டு வழக்கில் உள்ளன, அது இரட்டித்து வேறு வருகிறது. பூண்டுலோயா, தலவாக்கலை என்ற ஊர்ப் பெயர்களே ஆங்கிலத்தில் ஒரு பலகைக்கு ஒரு விதமாக இருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். பேருந்து எப்படி எழுதினாலும் தலவாக்கலைக்குப் போய்விடும், கட்டளை போகாது.

ஆகவே இலத்தீனில் ஒரே விதமாக மட்டும் எழுதப்படக்கூடிய சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ழகரம், தகரம், வகரம், சகரம், இரட்டித்த வல்லினம், நெடில் உகரம் ஆகியவை வரும் சொற்களைத் தவிர்ப்பது நல்லது. மகரம், னகரம், லகரம், ரகரம் ஆகியவை நம்பத்தகுந்தவை. லகரமும் ளகரமும் ஒரே எழுத்தில் அடங்கிவிடுகின்றன. ரகரமும் றகரமும் அப்படியே.

பொருளைச் சோதிப்பது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு நாள் காலையும் கணினிகளைக் கணக்கெடுக்கும் பகுதிக்குப் ‘பிரட்டு’ என்று வைக்கலாம் என்றார் ஒருவர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தை அறியாதவர் தோட்டத்தில் இல்லை. மலைநாட்டுக்கு வெளியே தமிழ் பேசுவோருக்கோ அது ‘புரட்டு’ என்று காதில் விழும். மோசடி என்ற பொருளை ஒரு நிர்வாகக் கருவியின் மேல் ஏற்ற நாங்கள் விரும்பவில்லை. ‘கங்காணி’ என்ற பெயரும் வந்தது. கண்காணிக்கும் கருவிக்குப் பொருத்தமான சொல் என்றே முதலில் தோன்றும். ஆயினும் ஆள்சேர்த்து, கடனில் கட்டி, வேலை வாங்கிய ஒரு முறையின் பெயர் அது. பிள்ளைகளின் கணக்கை மேற்பார்க்கும் நிரலுக்கு அதை வைப்பது முறையல்ல என்று கைவிட்டோம்.

‘துண்டு’ என்பதை மட்டும் கைவிட மனமின்றி இருந்தோம். விலகும் மாணவருக்குக் கொடுக்கும் சான்றுச் சீட்டைப் போன்றது என்ற எண்ணம். நாங்கள் கூடியிருந்த வீட்டின் அப்பாயி தேநீர் கொண்டுவந்து வைத்தவர், அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். “எங்க தாத்தா சொல்லுவாரு தம்பி, துண்டு இல்லாம வேற தோட்டத்துல கால் வைக்க முடியாதாம். கடன் எவ்வளவுன்னு அதுலதான் எழுதியிருக்குமாம். அந்தப் பேரயா பிள்ளைங்க கணக்குக்கு வைக்கப் போறீங்க?” என்றார். நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருந்த துண்டு முறை அவருக்குக் குடும்பத்துக் கதையாக இருந்தது. அன்றைய கூட்டத்தில் அவரைவிடப் பயனுள்ள கருத்தை எவரும் சொல்லவில்லை. பெயர்ப் பட்டியலைக் கணினி தெரிந்தவர்களிடம் மட்டும் காட்டிவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

பிற மொழிக் காதுகளிலும் சோதிக்க வேண்டும். கணிதச் சான்றுகளைச் சரிபார்க்கும் ‘கொக்’ என்ற பிரெஞ்சுக் கருவிக்குச் சேவல் என்றுதான் பொருள். ஆங்கிலம் பேசுவோர் காதில் அது கொச்சையாக விழுந்ததால், பல பதிற்றாண்டுகள் பழகிய பெயரை ‘ரொக்’ என்று மாற்றி, 2025 இல் புதுப்பெயரோடு பதிப்பு வெளியிட்டார்கள். மலைநாட்டில் நமக்குச் சிங்களக் காது முதலில் முக்கியம். ‘நிரை’ என்ற சொல் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. கொழுந்து எடுப்பவருக்குக் காலையில் பிரித்துக் கொடுக்கும் தேயிலை வரிசை அது. சிங்களத்தில் ‘நிரய’ என்றால் நரகம் என்று பண்டாரவளையிலிருந்து வந்திருந்த நண்பர் சொன்னதும் விட்டுவிட்டோம்.

கடைசியில் நிலைத்தது ‘மிலாறு’. கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் தேயிலைக் குச்சிகளைப் பெண்கள் பொறுக்கிக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அடுப்புக்கு அதுதான் விறகு. கணக்கை வெட்டுவதற்கு முன் அதிலிருப்பவற்றைக் கட்டிக் கையில் கொடுக்கும் கருவிக்கு இதைவிடப் பொருந்தும் சொல் கிடைக்கவில்லை. மிலாறு என்பாரும் மிளாறு என்பாரும் உண்டு; இலத்தீனில் இரண்டும் அதே ஆறெழுத்தாகிவிடுகின்றன. சிங்கள நண்பருக்கு விலை என்ற பொருளுடைய ‘மில’ என்ற சொல் நினைவுக்கு வந்தது, அதில் தீங்கில்லை. தொலைபேசியில் பலருக்குச் சொல்லி எழுதச் சொன்னபோது இரண்டு பேர் மட்டும் ஆகாரத்துக்கு இரட்டை எழுத்து இட்டார்கள். அப்படித் தட்டினால் அப்படியொரு கட்டளை இல்லை என்ற பதில்தான் வரும். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

வேறெவரிடமும் இருக்கிறதா

பிடித்த பெயர் கிடைத்ததும் அறிவித்துவிட வேண்டும் என்று மனம் பறக்கும். அதற்கு முன் ஒரு முழு நாளை இதற்கென ஒதுக்குங்கள். பொதியின் பெயர் காலியாக இருப்பது போதாது. அந்தப் பெயரில் இயங்குகோப்பு எந்தப் பொதிக்குள்ளாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் ‘ஆப்ட்ஃபைல்’ கருவி நிறுவப்படாத பொதிகளுக்குள்ளும் தேடித் தரும். பல விநியோகங்களை ஒரே இடத்தில் பார்க்க ‘ரெப்பாலஜி’ உதவும். பைதன், நோட், ரஸ்ட் ஆகியவற்றின் பொதிப் பதிவகங்களையும் ஹோம்ப்ரூவையும் தனித்தனியே பாருங்கள். பைதன் பதிவகத்தில் சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றும் ஒன்றாகவே கொள்ளப்படும், பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடில்லை.

இதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு டெபியனிலேயே சான்றுகள் இருக்கின்றன. வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்கள் ஒரே கோப்புப் பெயரில் வரக் கூடாது என்பது அதன் விதி. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ் வந்தபோது ‘நோட்’ என்ற பெயரை வானொலி ஆர்வலர்களின் நிரலொன்று வைத்திருந்தது. அதனால் டெபியனில் நோட்.ஜேஎஸ் வேறு பெயரில் நெடுநாள் இயங்கியது, அதை நம்பி எழுதிய சிறுநிரல்கள் ஒடிந்தன. கோப்புத் தேடும் ‘எஃப்டி’ அங்கே ‘எஃப்டிஃபைண்ட்’ ஆகவும், கோப்பைத் திரையில் காட்டும் ‘பாட்’ அங்கே ‘பாட்காட்’ ஆகவும் இருப்பதும் இதே காரணத்தால். நிரலின் பதிப்புகளைப் பேணும் புகழ்பெற்ற கிட் கூடத் தொடக்கத்தில் டெபியனில் ‘கிட்கோர்’ என்ற பொதியாகவே இருந்தது. ‘கிட்’ என்ற பெயர் குனு கருவியொன்றிடம் இருந்தது. பெரிய திட்டங்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். நம்முடையதைப் போன்ற சிறிய கருவியின் ஆசிரியர்கள், ஒரு கணினியில் ஒரு பெயரும் இன்னொரு கணினியில் வேறு பெயரும் கண்டால் கருவியையே விட்டுவிடுவார்கள்.

சின்ன உரிமைக்கு உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் உலகளாவிய சின்னத் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். மென்பொருளுக்குரிய வகுப்புகள் 9, 42 ஆகியவற்றைக் கவனியுங்கள். இலங்கையில் சின்னங்கள் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியப்படுகின்றன. கருவி இலவசம் என்பதால் சின்னச் சிக்கல் வராது என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன வயர்ஷார்க்கும் இலவசம்தான். தேடுபொறியில் பெயரை இட்டு, முதற்பக்கத்தில் வருவனவற்றையும் பாருங்கள். ‘கணக்கு’ என்ற சொல்லை நாங்கள் தவிர்த்தது இதனால்தான்: தோட்டத்தில் பிரிவைக் குறிக்கும், கணினியில் பாவனையாளர் பதிவைக் குறிக்கும், மிக அழகாகப் பொருந்தும், ஆனால் தேடினால் வரவுசெலவும் கணிதப் பாடமுமே வந்து குவியும்.

முடிவு யார் கையில் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயர் முன்மொழிய இரண்டு வாரம், ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம், பிறகு நிரலைப் பராமரிக்கும் இருவர் தீர்மானிப்பர் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். வாக்கெடுப்பில் அழகான பெயரே வெல்லும். பாதுகாப்பான பெயர் வெல்லும் என்று சொல்ல முடியாது.

மாற்றும் நாள்

பொதுவாகப் பழைய பெயரைச் சில பதிப்புகள் வரை புதிய கட்டளைக்குச் சுட்டியாக வைத்திருப்பது நல்ல முறை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலிருந்து கிளைத்த மரியாடிபி தன் கட்டளைகளின் பெயரை மாற்றியபோது, மைஎஸ்கியூஎல் காலத்துப் பெயர்களைச் சுட்டிகளாக விட்டுவைத்தது. பழைய பெயரில் அழைப்போருக்கு எச்சரிக்கை வரி ஒன்றைக் காட்டுங்கள். அதைப் பிழை வெளியீட்டில் மட்டும் எழுதுங்கள். சாதாரண வெளியீட்டில் எழுதினால், அந்த வெளியீட்டை வாசிக்கும் சிறுநிரல்கள் குழம்பிவிடும். அமைப்புக் கோப்பைப் புதிய இடத்தில் தேடி, இல்லாவிட்டால் பழைய இடத்தில் வாசிக்கும்படி செய்யுங்கள். பழைய பெயரில் வெற்றுப் பொதி ஒன்றை விட்டு, அது புதிய பொதியைச் சார்ந்திருக்கும்படி அமைத்தால், வழக்கமான புதுப்பிப்பிலேயே கணினிகள் மாறிவிடும். கிட்ஹப்பில் களஞ்சியத்தின் பெயரை மாற்றினால் பழைய முகவரி தானாகப் புதியதற்குத் திருப்பும். பழைய பெயரில் மறுபடி ஒரு களஞ்சியத்தைத் தொடங்கினால் அந்தத் திருப்பம் நின்றுவிடும்.

எங்கள் நிலைமை வேறு. பழைய பெயரே ஆபத்தானது என்பதால்தான் மாற்றினோம். அதைச் சுட்டியாக விட்டுவைத்தால் விரல்கள் அதே பழக்கத்தில் நிற்கும். ஆகவே பழைய கட்டளை எந்த வேலையும் செய்யாமல், புதுப்பெயரைத் தமிழில் அறிவித்துவிட்டுப் பிழைக் குறியீட்டோடு நிற்கும்படி செய்தோம். அதற்கு முன் ஒவ்வொரு பாடசாலையின் கிரான் வரியையும் சூடோ கோப்பையும் நாங்களே மாற்றிக் கொடுத்தோம். அறிக்கைக்கு ‘ஆர்’ என்ற ஒற்றையெழுத்துத் தெரிவையும் நீக்கிவிட்டு, ‘அறிக்கை’ என்பதற்குரிய முழு ஆங்கிலச் சொல்லைத் துணைக்கட்டளையாக வைத்தோம். பெயரை மாற்றுகையில் தெரிவுகளைத் தொடக் கூடாது என்பது நல்ல விதிதான்; உயிருக்கு நிகரான கோப்புகள் தொடர்புடையவிடத்து அதை மீறலாம் என்று கருதுகிறேன்.

கடைசியாகச் செய்ய வேண்டியது கணினிக்கு வெளியே இருந்தது. ஆய்வுகூடச் சுவர்களில் பழைய கட்டளையை எழுதிய தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. பொகவந்தலாவைப் பாடசாலையில் அதை ஆசிரியரே சுரண்டி எடுத்து, புதிய தாளில் ஆறெழுத்தையும் பெரிதாக எழுதி, அதன் கீழ் தமிழில் ‘மிலாறு’ என்றும் எழுதி ஒட்டினார். அடுத்த தவணை முடிவில் அவர் அழைத்தபோது கோடு விட்டுவிட்டுக் கேட்டது. “மிலாறு, இடைவெளி, பிறகு ரிப்போர்ட்” என்று ஒருமுறை சொன்னேன். சற்று நேரத்தில், பட்டியல் வந்துவிட்டது, மாணவியின் பெயருக்கு எதிரே எத்தனை கோப்புகள் என்று வாசிக்கட்டுமா என்று கேட்டார்.